காத்து யாருக்குச் சொந்தம்? வைஃபை வந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

இன்னிக்கு கதை எங்க வீட்டு ஹால்ல இருந்து ஆரம்பிக்குது.

2021 தொடக்கம். லாக்டவுன் தளர்ந்திருந்தாலும் காலேஜ் இன்னும் லேப்டாப்லதான் நடந்துட்டு இருந்தது. நாங்க இருக்குறது அம்பத்தூர் ஓ.டி. பக்கம், நாலு மாடி, 16 வீடு. தங்கச்சிக்கு ஆன்லைன் பரீட்சை. காலைல 10 மணிக்கு ஆரம்பிக்கணும். 10:20-க்கு அவ ரூம்ல இருந்து ஒரே ஒரு குரல்: "அக்கா, போயிடுச்சு!"

நெட் கட் ஆகல. ரூட்டர்ல விளக்கெல்லாம் பச்சையா எரியுது. சிக்னல் முழுசா காட்டுது. ஆனா எதுவும் நகரல. என் போன்ல இருந்த மொபைல் டேட்டாவைப் போட்டு எப்படியோ பரீட்சையை முடிச்சா. நான் நேரா நெட் கம்பெனிக்கு போன் போட்டு கத்தினேன். அவங்க டெக்னீஷியன் சாயங்காலம் வந்தாரு. லேப்டாப்பை ஒயர்ல சொருகினாரு. வேகம் சும்மா பறக்குது. ஒயரை எடுத்துட்டு வைஃபைக்கு வந்தா, ஆமை.

அவர் போன்ல ஒரு ஆப்பைத் திறந்து காட்டினாரு. "மேடம், உங்க ஹால்ல நின்னா 27 வைஃபை தெரியுது. எல்லாரும் ஒண்ணு மேல ஒண்ணு பேசிட்டு இருக்காங்க. நான் என்ன பண்ண முடியும்?"

அந்த 27-தான் இன்னிக்கு எபிசோட். இத்தனை பேரும் ஒரே அலைவரிசைல பேசலாம்னு யார் அனுமதி கொடுத்தது? எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா இது எப்படி வேலை செய்யுது? இந்தக் கேள்விகளுக்கான பதில் ஹவாய் தீவுகள், அமெரிக்கா, தேனின்னு சுத்திட்டு திரும்ப நம்ம அம்பத்தூருக்கே வருது.

ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்த காலம்

முதல்ல நம்ம ஊர்ப் பக்கமே பாப்போம். சென்னை வானொலியோட ஒலிபரப்பு நிலையம் ஆவடில இருக்கு. ஆவடி வழியா ரயில்ல போற பாதிப் பேருக்கு இது தெரியாது. நிகழ்ச்சி பேசுற இடம் கடற்கரைப் பக்கம், அதை வானத்துல ஏத்தி விடுற வேலை ஆவடில.

வானொலி ஒருத்தர் பேசி ஊரே கேட்கிற ஏற்பாடு. சென்னைல இதுக்குப் பழைய வரலாறு இருக்கு. 1924-ல சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்'பை ஆரம்பிச்சு, அந்த வருஷமே ஒலிபரப்பும் பண்ணாங்க. காசு இல்லாம கிளப் 1927-ல நின்னு போச்சு. அப்புறம் 1930-ல மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கிச்சு. 1938-ல ஆல் இந்தியா ரேடியோவோட சென்னை நிலையம் வந்தது.

இந்த இடைவெளில, 1933-ல ஒரு சட்டம் வந்தது. இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். அது சொன்னது ரொம்ப எளிமை: லைசென்ஸ் இல்லாம கம்பியில்லாக் கருவி எதையும் நீங்க கையில வெச்சிருக்கவே கூடாது. பேசுற கருவி மட்டும் இல்ல, கேட்கிற கருவிக்கும்தான். எங்க தாத்தா ஒரு ரேடியோ வெச்சிருந்தாரு. அதுக்கு ஒரு சின்ன புத்தகம் உண்டு. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ் போய் பணம் கட்டி முத்திரை வாங்கணும். பாட்டு கேக்குறதுக்கு லைசென்ஸ்! 1980-கள்லதான் அது ஒழிஞ்சது.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிட முடியாது. ரேடியோ அலையோட குணம் அப்படி. ஒரே அலைவரிசைல ரெண்டு நிலையம் பேசினா ரெண்டுமே புரியாது. அதனால உலகம் முழுக்க எல்லா அரசாங்கமும் ஒரே வழியைத்தான் பிடிச்சாங்க. வானத்தை மனை மாதிரி பிளாட் போட்டு, ஆளுக்கு ஒரு பிளாட்டுன்னு பட்டா கொடுத்துட்டாங்க. உன் பிளாட்ல நீ மட்டும் பேசு, பக்கத்து பிளாட்ல கால் வைக்காத.

அந்த முறைப்படி பார்த்தா, எங்க ஹால்ல 27 வைஃபை இருக்கவே முடியாது.

ஹவாய்: மோதினா மோதட்டும்

1971. ஹவாய் பல்கலைக்கழகம். பல தீவுகள், நடுவுல கடல். பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது ஒரு தீவுல. மத்த இடங்கள்ல இருக்கிறவங்க அதைப் பயன்படுத்தணும்னா டெலிபோன் லைன் வேணும். அந்த லைன் விலையும் அதிகம், தரமும் மோசம். அங்க நார்மன் ஆப்ராம்சன்னு ஒரு பேராசிரியர். கடல்ல சர்ஃபிங் பண்ற ஆசைலதான் ஹவாய்க்கே வேலைக்குப் போனவர்.

அவரும் அவர் குழுவும் யோசிச்சது இதுதான். ரேடியோவுலயே கம்ப்யூட்டர்களைப் பேச வைப்போம். ஆனா ஆளுக்கு ஒரு அலைவரிசை கொடுத்தா வீண். ஏன்னா கம்ப்யூட்டர் பேசுற விதமே வேற. மனுஷன் போன்ல பேசுற மாதிரி தொடர்ந்து பேசாது. ஒரு நொடிக்குள்ள ஒரு பொட்டலத்தை அனுப்பிட்டு, ரொம்ப நேரம் சும்மா இருக்கும். அதனால எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. யாருக்கு எப்போ அனுப்பணுமோ அப்போ அனுப்பு. பொட்டலம் ஒழுங்கா வந்தா மையக் கம்ப்யூட்டர் 'வந்துடுச்சு'ன்னு பதில் சொல்லும். பதில் வரலைன்னா, யாரோடயோ மோதிடுச்சுன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் காத்திருந்து திரும்ப அனுப்பு.

இங்கதான் சூட்சுமம். எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? ரெண்டு பேரும் சரியா ஒரே அளவு காத்திருந்தா, திரும்பவும் ஒண்ணாதான் கிளம்புவாங்க, திரும்பவும் மோதுவாங்க. ஒரு குறுகலான வாசல்ல ரெண்டு பேர் எதிரெதிரே வந்து, ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கி, திரும்ப ஒரே பக்கம் ஒதுங்கி சிரிப்பாங்களே, அந்த நிலைமை. அதனால ஒவ்வொருத்தரும் சீட்டு குலுக்கின மாதிரி ஏதோ ஒரு நேரம் காத்திருக்கணும்னு வெச்சாங்க. அந்தச் சின்ன விதியிலதான் எல்லாம் நிக்குது. அந்த நெட்வொர்க் பேரு அலோஹாநெட்.

கணக்குப் போட்டுப் பார்த்தா, இந்த முறைல அலைவரிசையோட மொத்தக் கொள்ளளவுல அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியா பயன்படும். மீதி மோதல்லயும் காலியாவும் போயிடும். ஆனா பட்டா வேண்டாம், வரிசை வேண்டாம், மேஸ்திரி வேண்டாம். ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்ககூட ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துக்க முடியும்னு அது நிரூபிச்சது.

அப்புறம் வந்தவங்க ஒரு நல்ல பழக்கத்தைச் சேர்த்தாங்க: பேசுறதுக்கு முன்னாடி காது கொடுத்துக் கேளு. யாராவது பேசிட்டு இருந்தா பொறு. அலோஹா பத்திப் படிச்ச ராபர்ட் மெட்காஃப், 1973-ல ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்துல ஈதர்நெட்டை உருவாக்கினப்போ அது ஒயர்ல வந்தது. அந்த ஈதர்நெட்தான் இன்னிக்கு உங்க ரூட்டர் பின்னாடி சொருகுற ஒயர்.

கேட்பாரில்லாத அலைவரிசை

பகிர்ந்து பேசுற வித்தை கிடைச்சாச்சு. ஆனா பேச இடம் வேணுமே? வானம் முழுக்க பட்டா போட்டாச்சு.

1985-ல அமெரிக்காவோட தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்.சி.சி. ஒரு முடிவு எடுத்தது. சில அலைவரிசைகளை, சில நிபந்தனைகளோட, லைசென்ஸ் இல்லாம யார் வேணும்னாலும் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம்னு திறந்து விட்டாங்க. நல்ல இடத்தைச் சும்மா கொடுப்பாங்களா? கொடுத்தது குப்பைமேடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி தொழிற்சாலை, வீட்டுச் சாமான்கள் இரைச்சல் கிளப்பிட்டு இருந்த இடம். டி.வி.காரங்க, ராணுவத்துக்காரங்க யாருக்கும் வேண்டாத புறம்போக்கு.

அந்தப் புறம்போக்குலதான் வைஃபை குடிசை போட்டது. ஆளாளுக்கு ஒரு மாதிரி கருவி செஞ்சா ஒண்ணோட ஒண்ணு பேசாதுன்னு, ஐ.இ.இ.இ. அமைப்பு 802.11-னு ஒரு குழு போட்டது. நெதர்லாந்துக்காரர் விக் ஹேய்ஸ் அதுக்குப் பல வருஷம் தலைவர். 1997-ல முதல் தரம் வந்தது: நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல 11 மெகாபிட். அந்த வருஷம்தான் ஆப்பிள் தன்னோட ஐபுக் லேப்டாப்போட இதைச் சேர்த்து வித்தது. 802.11-ங்கிற பேரை வெச்சு யாரும் விக்க முடியாதுன்னு, ஒரு விளம்பர நிறுவனத்துக்கிட்ட சொல்லி வைஃபைன்னு ஒரு பேரும் வாங்கினாங்க. அதுக்கு விரிவாக்கம் எதுவும் கிடையாது. வெறும் பேரு.

நம்ம தெருவுல ரெண்டு ஆட்டோ

இப்போ தெருவுக்கு வருவோம். வைஃபை எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரிஞ்சது எங்க தெருவுல வர பழைய இரும்பு ஆட்டோவை வெச்சுத்தான்.

காலைல ஒரு ஆட்டோ, மைக் செட்ல "பழைய இரும்பு, பழைய பேப்பர்"னு பாடிட்டு வருது. அதே நேரம் வெங்காய ஆட்டோவும் வந்துட்டா? ரெண்டும் யாருக்கும் புரியாது. ஆனா வெங்காயக்காரருக்கு அது தெரியாது. அவர் காது பக்கத்துல அவரோட மைக் அலறுதே! வைஃபைக்கும் இதே கஷ்டம். தான் பேசும்போது தன் குரல் அவ்வளவு பலமா இருக்கு, அடுத்தவர் குறுக்கே வந்தாலும் காதுல விழாது. ஒயர்ல மோதலை உடனே கண்டுபிடிக்கலாம், காத்துல முடியாது. அதனால வைஃபை மோதலைக் கண்டுபிடிக்கிறதில்ல, மோதாம இருக்கப் பாக்குது. முதல்ல கேக்கும். அமைதியா இருந்தாலும் உடனே பாய்ஞ்சிடாது, சீட்டு குலுக்கி சில மைக்ரோ நொடி பொறுக்கும். அப்புறம் அனுப்பும். 'வந்துடுச்சு'ன்னு பதில் வரலைன்னா, அடுத்த தடவை இன்னும் பெரிய எண்களுக்குள்ள சீட்டு குலுக்கும். கூட்டம் கூடக் கூட, ஒவ்வொருத்தரும் தானா அடக்கி வாசிக்கிற ஏற்பாடு.

இன்னொரு சிக்கல். எங்க தெரு 'ட' எழுத்து மாதிரி வளையும். இந்த முனைல இருக்கிற ஆட்டோவுக்கு அந்த முனை ஆட்டோவோட சத்தம் கேக்காது. ரெண்டு பேரும் 'தெரு அமைதியா இருக்கு'ன்னு நினைச்சு ஆரம்பிப்பாங்க. திருப்பத்துல இருக்கிற வீட்டுக்காரருக்கு ரெண்டும் சேர்ந்து காதைக் கிழிக்கும். ரூட்டர்தான் அந்தத் திருப்பத்து வீடு. ஒரு ரூம்ல நீங்க, ரெண்டு கான்கிரீட் சுவர் தள்ளி உங்க அப்பா. ரெண்டு பேர் போனும் ஒண்ணை ஒண்ணு கேக்காது, ரூட்டர்ல போய் மோதும். இதை மறைந்த முனைப் பிரச்சினைன்னு சொல்வாங்க.

இது போதாதுன்னு, அலை நேரா மட்டும் போறதில்ல. சுவர்ல, பீரோவுல பட்டு எதிரொலியா வரும். ஒரே சேதி நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சம் பிந்தி வந்து ஒண்ணோட ஒண்ணு குழம்பும். இதைத் தீர்த்ததுல பெரிய பங்கு ஆஸ்திரேலியாவோட சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்துக்கு. அங்க ஜான் ஓசல்லிவன் குழுல இருந்தவங்க பலர் வானொலி விண்வெளி ஆராய்ச்சிப் பின்னணிக்காரங்க. வெடிக்கிற கருந்துளைல இருந்து வர மங்கலான சிக்னலைத் தேடப் பயன்படுத்தின கணக்கு, கடைசில ஹால்ல வைஃபைக்கு உதவிச்சு. கருந்துளை சிக்னல் அவருக்குக் கிடைக்கவே இல்ல.

தேனி: விதி உடைஞ்ச இடம்

இப்போ தமிழ்நாடு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

1990-கள்ல ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு ஒரு கணக்குப் போட்டது. ஒரு வீட்டுக்கு டெலிபோன் கொடுக்க ஆகுற செலவு அப்போ 30,000 ரூபாய்க்கு மேல. அதுல பெரிய பங்கு, எக்ஸ்சேஞ்சுல இருந்து வீடு வரைக்கும் புதைக்கிற செம்புக் கம்பி. கம்பியை எடுத்துட்டா? அப்படி வந்ததுதான் கார்டெக்ட். மைடாஸ் நிறுவனத்தோடயும், சிப்புக்கு அமெரிக்காவோட அனலாக் டிவைசஸோடயும் சேர்ந்து செஞ்சாங்க. பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே நேரத்துல, ஒரு கோபுரத்துல இருந்து 10 கிலோமீட்டர் வரைக்கும். மதுரை மேலூர் பக்கம் கிராமங்கள்ல 2001 வாக்குல இன்டர்நெட் கியாஸ்க் நடந்தது இதை வெச்சுத்தான். வேகம் நொடிக்கு 35, 70 கிலோபிட். இன்னிக்குச் சிரிப்பு வரும். அன்னிக்கு கிராமத்துக்கு அது கிடைச்சதே பெருசு.

ஆனா வைஃபை சிப் உலகம் பூரா லேப்டாப்புக்குள்ள போக ஆரம்பிச்சதும், விலை அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. கோடிக்கணக்குல செய்யுற பொருளோட விலையில யாரும் போட்டி போட முடியாது. அப்போ அடுத்த கேள்வி: வீட்டுக்குள்ள 30 மீட்டர் போறதுக்காகச் செஞ்ச வைஃபையை, ஊர் விட்டு ஊர் அனுப்ப முடியுமா?

தேனி அரவிந்த் கண் மருத்துவமனைதான் இடம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல மதுரைல ஆரம்பிச்ச அமைப்போட கிளை. சுத்தி இருக்கிற கிராமத்து மக்கள் கண்ணைக் காட்டணும்னா ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறணும். பல பேர் ஏறல. அதனால சின்ன ஊர்கள்ல கண் மையம் வெச்சு, அங்க ஒரு பயிற்சி பெற்ற பொண்ணு பரிசோதிச்சு, வீடியோல தேனி டாக்டரோட பேச வைக்கலாம்னு திட்டம். அதுக்கு வேகமான இணைப்பு வேணும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்துல இருந்து எரிக் ப்ரூவர் குழு வந்து சேர்ந்தது. சாதாரண வைஃபை கார்டு, நல்ல ஆன்டெனா, ரெண்டு உயரமான கோபுரம். நடுவுல மரமோ மலையோ மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாட்டினாங்க. சிக்னல் நல்லாவே வந்தது, தகவல் ஓடல. ஏன்?

யோசிச்சுப் பாருங்க. வைஃபை ஒரு பொட்டலம் அனுப்பிட்டு 'வந்துடுச்சு'ன்னு பதிலுக்குக் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? வீட்டுக்குள்ளதானேன்னு சில பத்து மைக்ரோ நொடி. ஆனா ரேடியோ அலை 1 கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோ நொடி ஆகும். 15 கிலோமீட்டர் போய் வரவே 100 மைக்ரோ நொடி. பதில் வந்துட்டு இருக்கும்போதே இந்த முனை, 'தொலைஞ்சு போச்சு'ன்னு முடிவு பண்ணி திரும்ப அனுப்பும். அது எதிர்ல வர பதில் மேலயே மோதும். அது மட்டுமில்ல, 'பேசுறதுக்கு முன்னாடி கேளு'ங்கிற விதியும் உதவாது. நீங்க கேக்குறது எதிர் முனைல 50 மைக்ரோ நொடிக்கு முன்னாடி இருந்த அமைதி.

தீர்வு, பூந்தமல்லி நெடுஞ்சாலைல மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டை அடைச்சப்போ நாம பார்த்ததுதான். ரெண்டு முனைலயும் ஆள் கொடி பிடிச்சு நிப்பாங்க. கொஞ்ச நேரம் இந்தப் பக்க வண்டி, கொஞ்ச நேரம் அந்தப் பக்க வண்டி. அதே மாதிரி காது கொடுத்துக் கேக்குற விதியை எடுத்துட்டு, நேரத்தைப் பங்கு போட்டாங்க. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் கேக்காம, மொத்தமா அனுப்பிட்டு மொத்தமா ரசீது வாங்குற முறை. கருவி அதேதான், மாத்தினது மென்பொருள் மட்டும். வேகம் 2-ல இருந்து 5 மடங்கு கூடிச்சு. அப்புறமும் அவங்களை அதிகம் படுத்தினது ரேடியோ இல்ல, ஏறி இறங்குற கரன்ட். அது கருவிகளைப் பொசுக்கிட்டே இருந்தது.

2006-ல 5 கண் மையம், மாசம் சுமார் 1,500 பேர்னு கணக்கு சொன்னாங்க. ஒரு நாள் கூலியும் பஸ் டிக்கெட்டும் மிச்சமானவங்க அவங்க.

2005, ஒரு அரசாணை

இதுல ஒரு காகிதத்தைச் சொல்லாம விட்டா கதை முடியாது. 1933 சட்டம் அப்பவும் உயிரோட இருந்தது. திறந்த வெளில 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கருவி வைக்கணும்னா டெல்லில இருந்து லைசென்ஸ் வேணும். படிப்படியா தளர்த்தி, 2005 ஜனவரில மத்திய அரசு விதிகளை வெளியிட்டது: 2.4-ல இருந்து 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும், குறிப்பிட்ட சக்திக்குள்ள, யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம். 2018-ல 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் பெரிய அளவுல திறந்தாங்க.

டீக்கடைல, காலேஜ்ல, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகள்ல, உங்க வீட்டு பீரோ மேல ரூட்டர் இருக்க அந்தக் காகிதம்தான் காரணம். தாத்தா போஸ்ட் ஆபீஸ்ல முத்திரை வாங்கின அதே நாட்டுல, நான் யாரையும் கேக்காம ரூட்டர் வாங்கி மாட்டுறேன்.

ஆனா அந்த விதிகள்ல இன்னொரு பக்கமும் இருக்கு. யாரும் உங்களைத் தடுக்க மாட்டாங்க, யாரும் உங்களைக் காப்பாத்தவும் மாட்டாங்க. பக்கத்து வீட்டு வைஃபை இடிக்குதுன்னு எங்கயும் புகார் கொடுக்க முடியாது.

திரும்ப 16 வீடு

அந்த 27-க்கு வருவோம். 2.4-ல சேனல் 1-ல இருந்து 13 வரைக்கும் நம்பர் இருக்கு. ஆனா நம்பருக்கு நம்பர் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒவ்வொரு வைஃபையும் எடுத்துக்கிறது 20-க்கு மேல. அதனால ஒண்ணை ஒண்ணு இடிக்காத சேனல் மூணுதான்: 1, 6, 11. ஒரே சேனல்ல இருக்கிறவங்க ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்டு வரிசைல நிப்பாங்க. 3-ல போய் உக்காந்தா ரெண்டு பக்கமும் வெறும் இரைச்சல். அவங்களுக்கு உங்க பேச்சு புரியாது, உங்களுக்கு அவங்க பேச்சு புரியாது.

எங்க மேல் மாடி அங்கிளோட ரூட்டர் 3-ல இருந்தது. அதுவும் ரெண்டு மடங்கு அகலமா, பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டு. நான் போய்ச் சொன்னேன். "ரூட்டர் என்னுது, என் வீட்ல இருக்கு. யாரும்மா கேக்குறது?"ன்னாரு. சட்டப்படி அவர் சொன்னது சரி. எனக்குப் பதில் இல்ல.

திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்தது, அவர் ஆர்மி சிக்னல்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். திரும்ப மேல ஏறிப் போய் கேட்டேன்: "அங்கிள், உங்க ஒயர்லெஸ் செட்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா என்ன பண்ணுவீங்க?"

"பேசக் கூடாதே. ஒருத்தர் 'ஓவர்' சொன்னாதான் அடுத்தவர் பேசணும்."

அப்புறம் அவரே நிறுத்திட்டாரு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "அந்த ஆப்பைக் காட்டு"ன்னாரு.

அந்த ஞாயித்துக்கிழமை மொட்டை மாடில ஒரு மீட்டிங். 16 வீட்டையும் மூணு சேனலுக்குப் பிரிச்சோம். புது ரூட்டர் இருந்தவங்க 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனாங்க. அது சுவரைத் தாண்டி அதிகம் போகாது, அதனாலயே பக்கத்து வீட்டை இடிக்காது. பட்டியலை அங்கிள் கையாலயே எழுதி லிஃப்ட் பக்கத்துல ஒட்டினாரு. தங்கச்சி அடுத்த பரீட்சையை வீட்டு வைஃபைலயே எழுதினா.

இந்தச் சண்டை பெரிய அளவுலயும் நடக்குது. 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற அலைவரிசையை வைஃபைக்குத் திறந்து விடுறதா, மொபைல் கம்பெனிகளுக்கு ஏலம் விடுறதான்னு பல வருஷ விவாதம். 2025 மே மாசம் தொலைத்தொடர்புத் துறை அதோட கீழ்ப் பகுதியை லைசென்ஸ் இல்லாம விடுறதுக்கு வரைவு விதிகளை வெளியிட்டது. இந்த மாதிரி செய்தி பேப்பர்ல மூலைல வரும், தாண்டிப் போயிடுவோம். இனிமே நின்னு படிங்க. அங்க பிரிக்கிறது உங்க ஹால்ல இருக்கிற இடத்தைத்தான்.

இன்னிக்கு ஒரு சின்ன வேலை. வைஃபை அனலைசர் ஆப் எதையாவது போட்டு, உங்க ஹால்ல எத்தனை நெட்வொர்க் தெரியுதுன்னு எண்ணிப் பாருங்க. 27-ஐ யாராவது தாண்டினீங்கன்னா எழுதி அனுப்புங்க. கொரட்டூர், திருமுல்லைவாயல்காரங்க கண்டிப்பா தாண்டுவீங்கன்னு எனக்குத் தெரியும்.

அடுத்த எபிசோட்ல பாப்போம். ஓவர்.